எங்கே குடியிருப்பது: பெருநகரமா, சிறுநகரமா?

பெருநகரத்திலேயே தங்கிவிடுவதா, ஒரு சிறுநகரமாகப் பார்த்துப் போய்விடுவதா என்ற பேச்சு பல வீடுகளில் ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. வேலை மாறும்போது வரும். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது வரும். பெற்றோருக்கு வயதாகும்போது வரும். பணி ஓய்வு நெருங்கினால் கட்டாயம் வரும். ஒருவர் நெரிசலையும் புகையையும் சொல்வார். இன்னொருவர், நல்ல மருத்துவமனை இல்லாத இடத்தில் எப்படி இருப்பது என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். இருவர் சொல்வதும் சரிதான். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று தெரியாததால்தான் முடிவு வருவதில்லை.

என் பார்வையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்குத் தேவையான சேவைகள் தேவைப்படும் நேரத்துக்குள் கைக்கு எட்டுமா என்பது ஒன்று. அவை உங்களுக்கு விதிப்படி கிடைக்கின்றனவா, அறிமுகத்தால் கிடைக்கின்றனவா என்பது மற்றொன்று. பெருநகரத்தில் பெரும்பாலும் விதிதான். வரிசையில் நின்றால் எண் வரும், எண் வந்தால் வேலை நடக்கும், நீங்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சிறுநகரத்தில் அலுவலரை உங்களுக்குத் தெரியும், அவருக்கு உங்களைத் தெரியும், அதனால் நடக்கும். முதல் கேள்வியை எல்லோரும் ஓரளவாவது கேட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. குடியேறிய பிறகு அந்த ஊரில் மனம் ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும் பெரிதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

சிறுநகரம் என்று நான் இங்கே சொல்வது 20 ஆயிரம் முதல் 1 லட்சம் பேர் வரை வாழும் ஊரை. பெருநகரம் என்றால் 10 லட்சத்துக்கு மேல். இடைப்பட்ட ஊர்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

எல்லாச் சேவையும் எல்லா ஊரிலும் ஏன் இருப்பதில்லை

வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1933இல் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து ஓர் எளிய விளக்கம் கொடுத்தார். எந்தச் சேவையும் நிலைத்து நிற்க ஒரு குறைந்தபட்ச மக்கள்தொகை வேண்டும். அதைப் பெற மக்கள் எவ்வளவு தூரம் வரை போகத் தயாராக இருப்பார்கள் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மளிகைக் கடைக்குச் சில நூறு பேர் போதும். மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு லட்சக்கணக்கில் மக்கள் வேண்டும், ஏனென்றால் அத்தனை பேரில் மிகச் சிலருக்கே அந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. ஆகவே சிறுநகரத்தில் அப்படியொரு மருத்துவர் இல்லாததற்கு நிர்வாகத்தின் அலட்சியம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒருவரைக் கொண்டுவந்து நியமித்தாலும் எப்போதோ ஒரு நோயாளிதான் வருவார், நாளடைவில் கைப்பழக்கமும் போய்விடும்.

இதன் மறுபக்கத்தை லூயி பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நகரத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானால் சாலை, மின்கம்பி போன்ற கட்டமைப்பு இரட்டிப்பாக வேண்டியதில்லை. சுமார் 85 சதவீதம் கூடினாலே போதும். அதே சமயம் வருமானம், புதுக் கண்டுபிடிப்புகள் போன்றவை தலைக்குச் சுமார் 15 சதவீதம் கூடுகின்றன. குற்றங்களும் தொற்றுநோயும்கூட கிட்டத்தட்ட அதே போக்கில் கூடுகின்றன. மனிதர்கள் அடிக்கடி, நெருக்கமாகச் சந்தித்துக்கொள்வதுதான் நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவான காரணம். பெருநகரத்தின் வாய்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு நெரிசலை வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நகரம் எல்லாக் காலத்திலும் வசதியான இடமாக இருந்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எட்வின் சாட்விக் 1842இல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மான்செஸ்டர் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லண்டில் அதே வகுப்பினருக்கு 38. பிறந்து சில ஆண்டுகளுக்குள் சாகும் குழந்தைகள்தான் அந்தச் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தார்கள். பிறகு பாதாளச் சாக்கடை வந்தது, சுத்தமான குழாய்த் தண்ணீர் வந்தது, தடுப்பூசி வந்தது, நகரம் உயிர் வாழத் தகுந்த இடமாயிற்று. இன்று பெருநகரத்துக்கு இருக்கும் அனுகூலம் முழுக்க முழுக்கப் பொதுப் பணத்தில் கட்டி எழுப்பப்பட்டது, பராமரிப்பு நின்றால் போய்விடக்கூடியது. அதனால் ஊரின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒழுங்காக நிர்வகிக்கப்படும் 50 ஆயிரம் பேர் ஊர், குழாயில் தண்ணீர் வராத 50 லட்சம் பேர் நகரத்தைவிட எவ்வளவோ மேல்.

மருத்துவம்: தூரத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்து யோசிக்க வேண்டியது இதைத்தான். மருத்துவம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டு வேறு தேவைகள் அதற்குள் இருக்கின்றன. அவை இரண்டும் எதிரெதிர்ப் பதில்களைத் தருகின்றன.

முதல் தேவை அவசரம். பக்கவாதத்தில் மூளையின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாமல் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. நாலரை மணி நேரம் நிறைய இருப்பதாகத் தோன்றும். கை மரத்துப்போயிருக்கிறது, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு மணி நேரம் போகும். ஆம்புலன்ஸ் வரும் நேரம், பக்கத்து மருத்துவமனையில் பார்த்துவிட்டு 'இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அனுப்பும் நேரம், மறுபடி பயணம், பிறகு ஸ்கேன். கூட்டிப் பார்த்தால் மிச்சம் கொஞ்சம்தான். தீவிர மாரடைப்பிலும் இதே கதை. அடைபட்ட குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை, நோய் உறுதியான 2 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வரையறை.

அதனால் ஒரு சிறுநகரத்தைப் பார்க்கப் போகும்போது 'மருத்துவமனை இருக்கிறதா?' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரவு 2 மணிக்கு சிடி ஸ்கேன் இயங்குகிறதா, அந்த நேரத்தில் அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் உண்டா, இல்லாவிட்டால் எந்த ஊருக்கு அனுப்புவார்கள், மழை நாளில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்: இவற்றைக் கேளுங்கள். பிரசவத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். அமெரிக்காவின் கிராமப்புற மருத்துவமனைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இப்போது பிரசவம் பார்ப்பதில்லை. பிறப்பு எண்ணிக்கை குறைந்ததும், இரவு பகலாக மயக்க மருந்து நிபுணரையும் செவிலியரையும் வைத்திருக்கக் கட்டுப்படியாகாததும் முக்கியக் காரணங்கள். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை.

இரண்டாவது தேவை அவசரமில்லாதது. ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு வலி, குழந்தையின் காய்ச்சல், தூக்கமின்மை. வாழ்நாளில் நாம் மருத்துவரிடம் போவதில் பெரும்பகுதி இதற்காகத்தான். இங்கே தேவைப்படுவது நம்மைத் தெரிந்த ஒரு மருத்துவர். நார்வேயில் லட்சக்கணக்கானோரின் பதிவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் போய்வந்தவர்களை, ஓராண்டாக மட்டும் ஒரு மருத்துவரிடம் போகிறவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் போனவர்களுக்கு இறப்பு வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவு. மருத்துவமனையில் சேர வேண்டி வருவதும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. போன வருடம் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் யாருக்கு இதய நோய் இருந்தது, இந்த ஆள் வலியைக் குறைத்துச் சொல்பவரா கூட்டிச் சொல்பவரா என்பது அந்த மருத்துவருக்குத் தெரியும். கோப்பில் எழுத முடியாத அறிவு அது.

இப்படி ஒருவரைச் சிறுநகரத்தில் கண்டுபிடிப்பது எளிது. மருத்துவர்களும் குறைவு, ஆட்கள் இடம் மாறுவதும் குறைவு. பெருநகரத்திலும் முடியாது என்றில்லை, ஆனால் முனைந்து செய்ய வேண்டும். கூட்டம் குறைவாக இருக்கும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டிருந்தால், பெரிய மருத்துவமனைகளுக்கு நடுவே வாழ்ந்தும் நம்மைத் தெரிந்த மருத்துவர் ஒருவர்கூட இல்லாமல் போய்விடும். நான் பார்த்தவரை பெருநகரவாசிகள் பலரின் நிலை இதுதான்.

திட்டமிட்டுச் செய்யும் பெரிய அறுவைச் சிகிச்சையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். அதை அடிக்கடி செய்யும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும், எந்த ஊரில் குடியிருந்தாலும். அதற்காகச் சில நாள் பயணம் செய்து தங்குவது பெரிய சிரமமில்லை.

பள்ளிக்கூடம்

பெருநகரப் பள்ளிகளில்தான் படிப்பு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் சர்வதேசத் தேர்வான பிசாவின் முடிவுகளும் மேலோட்டமாகப் பார்த்தால் அதையே சொல்கின்றன: பல நாடுகளில் நகர மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள். ஆனால் பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்ததும் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அதாவது உங்கள் குழந்தையின் மதிப்பெண்ணுக்குப் பள்ளி இருக்கும் ஊரைவிட உங்கள் வீடு முக்கியம். கொலம்பியாவில் 1970களில் தொடங்கிய 'புதிய பள்ளி' முறையில் ஒரே வகுப்பறையில் பல வயதுக் குழந்தைகள், அவரவர் வேகத்தில், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்தார்கள். 1990களின் இறுதியில் யுனெஸ்கோ நடத்திய லத்தீன் அமெரிக்க ஒப்பீட்டில், மிகப் பெரிய நகரங்களைத் தவிர்த்துப் பார்த்தால், கிராமப் பள்ளிகள் நகரப் பள்ளிகளை மிஞ்சிய நாடாக கொலம்பியா இருந்தது. சிறிய ஊர் என்பதே படிப்புக்குத் தடை என்று சொல்ல முடியாது.

ஆனால் 13, 14 வயதுக்கு மேல் எனக்கு வேறு கருத்து உண்டு. சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் 1975இல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: நகரம் பெரிதாகும்போதுதான் அபூர்வமான ஆர்வம் கொண்டவர்கள் ஒரு குழுவாகத் திரளும் எண்ணிக்கையை எட்டுகிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்குச் சதுரங்கத்தில் தீராத ஆர்வம் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆயிரம் பேர் ஊரில் அப்படி 30 பேர், அதில் அதே வயதில் ஒருவரோ இருவரோ. 30 லட்சம் பேர் நகரத்தில் 3,000 பேர்: சங்கம் இருக்கும், பயிற்சியாளர் இருப்பார், போட்டிகள் இருக்கும். வானியல், நாடகம், ரோபோ, பறவை நோக்குதல் எதற்கும் இதே கணக்குதான். வகுப்பில் தன்னைப்போல் ஒருவரும் இல்லை என்று தவிக்கும் பிள்ளைக்கு அந்த எண்ணிக்கை வாழ்க்கையையே மாற்றும். இணையம் இதில் கொஞ்சம் ஈடு செய்கிறது, முழுதாக இல்லை.

போக்குவரத்து, தண்ணீர், காற்று

மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது என்று இத்தாலியரான செசாரே மார்கெட்டி 1994இல் எழுதினார். பெருநகரத்தில் பலருக்கு அது இரண்டு, மூன்று மணி நேரமாக நீள்கிறது. மிச்சமாகும் நேரம்தான் சிறுநகரத்துக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் பெரிய லாபம். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சமானால் வருடத்துக்கு 500 மணி நேரத்துக்கு மேல்.

ஆனால் அந்த லாபம் சொந்தமாக வண்டி ஓட்டுபவருக்குத்தான். சிறுநகரத்தில் பேருந்துகள் குறைவு, மாலையில் இன்னும் குறைவு. வண்டி ஓட்டாத முதியவரும் பதின்வயதுப் பிள்ளையும் யாராவது கொண்டுபோய் விட்டால்தான் வெளியே போக முடியும். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் நகரத்தில் அதே முதியவர் யாரையும் எதிர்பார்க்காமல் நூலகத்துக்குப் போய்வருவார். பணி ஓய்வுக்குப் பிறகு அமைதியான ஊருக்குப் போகிறோம் என்பவர்கள் 60 வயதை மனதில் வைத்து யோசிக்கிறார்கள். 80 வயதில் ஸ்டியரிங் பிடிக்க முடியாதபோது அதே ஊர் எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தண்ணீரையும் கழிவுநீரையும் நேரில் விசாரித்தால் போதும். காற்றைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்துகள்களுக்கு வைத்த வரம்பு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். குப்பையையும் பயிர்க் கழிவையும் எரிக்கும் சிறுநகரங்கள் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டலாம். அங்கே அளக்கும் கருவி இல்லாததால் வெளியே தெரியாது. ஊர் சிறியது என்பதால் காற்று சுத்தமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலை

பெருநகரத்தில் சம்பளம் அதிகம், செலவும் அதிகம், கடைசியில் கையில் நிற்பது ஒன்றுதான் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஸ்பெயின் தொழிலாளர்களின் பல ஆண்டுச் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்த ஹோர்ஹே தெ லா ரோக்கா, தியேகோ பூகா இருவரும் 2017இல் வெளியிட்ட முடிவு இது: பெருநகரத்தில் பெற்ற அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்பு இருக்கிறது, நகரத்தை விட்டுச் சிறிய ஊருக்குப் போன பிறகும் அந்த மதிப்பு பெருமளவு கூடவே வருகிறது. அப்படியானால் வரிசை முக்கியமாகிறது. 20களில் பெருநகரத்தில் தொழில் கற்று, அப்புறம் சிறுநகரத்துக்குப் போகிறவர் அந்த அனுபவத்தையும் கொண்டுபோகிறார். முதலிலேயே சிறுநகரத்தில் தங்கிவிட்டவர் 40 வயதில் பெருநகரத்துக்கு வந்து அதை ஈடுகட்டுவது கடினம்.

சிறுநகரத்தில் இன்னொரு ஆபத்து, ஊரே ஒரு முதலாளியை நம்பியிருப்பது. வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற ஊர் ஒரே ஒரு ஜவுளி ஆலையைச் சுற்றி வளர்ந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடியதும் ஊரே வேலை இழந்தது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் அங்கே நடத்திய ஆய்வு 1933இல் வெளியானது. வேலையில்லாமல் நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனதையும், தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம்கூட தளர்ந்துவிட்டதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். பெருநகரத்தில் ஓர் ஆலை மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கலாம். சிறுநகரத்தில் வேலையோடு வீட்டின் விலையும், கடைகளின் வியாபாரமும், நகராட்சியின் வரி வருமானமும் சேர்ந்தே விழும். இணையவழி வேலை இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அந்த வேலை போனால் அதே ஊரிலிருந்து இன்னொன்று கிடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதியா, அறிமுகமா

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

சிறுநகரத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்பது வெறும் ஏக்கமில்லை. ராபர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1990களில் அமெரிக்காவின் 36 நகரங்களில் சோதித்துப் பார்த்தார். தெருவில் தற்செயலாகப் பேனாவைத் தவறவிட்டால் யாராவது எடுத்துத் தருகிறார்களா, காலில் கட்டோடு நடப்பவர் பத்திரிகைகளைக் கீழே போட்டால் யாராவது குனிகிறார்களா என்று கவனித்தார். மக்கள் நெருக்கம் கூடக் கூட உதவி குறைந்தது. ஆனால் பிறகு 23 நாடுகளின் பெரிய நகரங்களில் இதே சோதனையைச் செய்தபோது முதலிடம் வந்தது ரியோ டி ஜெனிரோ. அது சிறிய நகரமும் இல்லை, நெருக்கம் குறைந்த நகரமும் இல்லை. நெருக்கம் மனிதரைக் களைக்கவைக்கிறது, ஆனால் அந்த ஊரில் பழகிவந்த பண்பு அதை மீறவும் முடியும்.

ஆஸ்திரியாவில் சம்பளம் வாங்கும் தொழில்முறைத் தீயணைப்புப் படை வியன்னா, கிராஸ், லின்ஸ், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரக், கிளாகன்ஃபர்ட் ஆகிய 6 நகரங்களில் மட்டுமே இருக்கிறது. மற்ற ஊர்களிலெல்லாம் தீயை அணைக்க வருவது தன்னார்வலர்கள்: பக்கத்து வீட்டுத் தச்சர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர். சைரன் ஒலித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். இது சிறுநகர வாழ்க்கையின் சிறந்த முகம். பொதுச் சேவை என்பது யாரோ தருவது என்றில்லாமல், நாமே முறைவைத்துச் செய்வது என்ற மனநிலை. அங்கே வளரும் குழந்தை அதை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொள்கிறது. பெருநகரத்தில் வரி கட்டிவிட்டோம், வர வேண்டியவர்கள் வருவார்கள் என்று இருந்துவிடுகிறோம். அதிலும் தவறில்லை, ஆனால் அண்டை வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன.

இதே நெருக்கத்தின் மறுபக்கம் சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாகாணத்தில் தெரிகிறது. மொத்த மாகாணத்திலும் சுமார் 16 ஆயிரம் பேர்தான். ஆண்டுக்கு ஒரு முறை திறந்தவெளியில் கூடி, கையை உயர்த்திச் சட்டங்களுக்கு வாக்களிக்கிறார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. சுவிட்சர்லாந்து முழுவதும் தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை 1971இல் வந்தது. அதற்குப் பிறகும் அப்பென்செல் ஆண்கள் தங்கள் மாகாணத்தில் அதை மறுத்துவந்தார்கள், 1990 ஏப்ரலிலும் மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு உத்தரவிட்ட பிறகே பெண்கள் உள்ளே வர முடிந்தது. ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த, ஒற்றுமையான, நேரடி ஜனநாயகம் நடந்த ஊர் அது. உரிமையோ தூரத்திலிருந்த, யாரையும் முகம் பார்த்து அறியாத ஒரு நீதிமன்றத்திலிருந்து வந்தது.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடம் என்று கடுமையாகச் சொன்னதும், அரசியலமைப்பு வரைவு கிராமத்தை அடிப்படையாக வைக்காமல் தனிமனிதரை அடிப்படையாக வைத்ததை வரவேற்றதும் இதே அனுபவத்திலிருந்துதான். காந்தி கிராமத்தில் தன்னிறைவையும் பரஸ்பர உதவியையும் கண்டார். அம்பேத்கர் அந்தப் பரஸ்பர உதவிக்குள் யாரைச் சேர்க்கவில்லை என்பதைக் கண்டார். இருவரும் பார்த்தது உண்மை. எந்த உண்மை உங்கள் மேல் விழும் என்பது அந்த ஊரில் நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆகவே குடும்பத்தில் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டும். ஊரின் பெரும்பான்மையோடு பிறப்பால், பேச்சால், வழிபாட்டால் ஒத்துப்போகிறவருக்கு அறிமுகம் ஒரு வரம். தனியாக வாழும் பெண், மணமுறிவு பெற்றவர், மாற்றுப் பாலினத்தவர், வேறு சாதியிலோ மதத்திலோ மணந்தவர்கள், புதிதாக வந்த வேற்று மொழிக்காரர் இவர்களுக்கு அதே அறிமுகம் கண்காணிப்பாக மாறலாம். இவர்களுக்குப் பெருநகரத்தின் அலட்சியமே பாதுகாப்பு. இடைக்கால ஜெர்மானிய நகரங்களில் ஒரு வழக்கம் இருந்தது: பண்ணையடிமை ஒருவர் நகரத்துக்குள் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் அவர் சுதந்திர மனிதர். நகரத்தைத் தேடி வந்தவர்களில் பலர் அன்றிலிருந்தே வசதிக்காக மட்டும் வரவில்லை.

அரசு அலுவலகத்திலும் இதே வேறுபாடு தெரியும். ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் சிறுநகரத்தில் ஒரு நாளில் கிடைத்துவிடும், அலுவலருக்கு உங்களைப் பிடித்திருந்தால். பிடிக்காவிட்டால் போகக்கூடிய இன்னொரு கவுன்டர் அங்கே இல்லை. பெருநகரத்தில் மூன்று வாரம் ஆகும், ஆனால் எல்லோருக்கும் மூன்று வாரம். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மூன்று வாரத்தைத்தான் எடுப்பேன். இணையவழி விண்ணப்பம் வந்த இடங்களில் இந்த வேறுபாடு மெல்லக் குறைகிறது. எந்தச் சிறுநகரத்தைப் பார்த்தாலும் அங்கே எத்தனை சேவைகள் ஆளைப் பார்க்காமலே நடக்கின்றன என்று விசாரியுங்கள். அறிமுகத்தின் இதமும் விதியின் காவலும் சேர்ந்து இருக்கும் ஊர் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

ஊர் வளர்கிறதா, சுருங்குகிறதா

இன்றைய நிலையை மட்டும் பார்த்தால் போதாது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள யூபாரி நிலக்கரிச் சுரங்க ஊர். 1960இல் அங்கே 1 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் வெளியேறினார்கள், நகராட்சி கடனில் மூழ்கி 2007இல் திவால் நிலைக்கு வந்தது. 171 படுக்கைகள் இருந்த மருத்துவமனை 19 படுக்கை கிளினிக்காகச் சுருங்கியது. தொடக்கப் பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன, நடுநிலைப் பள்ளிகளும் ஒன்றாயின. இப்போது 10 ஆயிரம் பேர்கூட இல்லை. ஊர் தானாகவே மறைந்துவிடாது, சேவைகள் ஒவ்வொன்றாக விலகும். கிறிஸ்டாலர் சொன்ன குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போனதும் பள்ளி மூடும், பள்ளி மூடியதும் இளம் குடும்பங்கள் போகும், அதனால் அடுத்த சேவை மூடும்.

எனவே தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் கடந்த சில ஆண்டுகளாகச் சேர்க்கை கூடுகிறதா குறைகிறதா என்று கேளுங்கள். ஊரின் எதிர்காலத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண் வேறில்லை.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

20 முதல் 35 வயது வரை, தொழில் கற்கும் காலத்தில், பெருநகரம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியது போல, புது வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. அப்படிப்பட்ட அறிமுகங்கள் பெருகும் இடம் பெருநகரம். சிறுநகரத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் அதே ஆட்கள்தான், புதுச் செய்தி குறைவு.

சிறு குழந்தைகள் இருக்கும்போது சிறுநகரம் பெரும்பாலும் மேல். நேரம் கிடைக்கிறது, தெருவில் விளையாட இடம் இருக்கிறது, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: இரவிலும் இயங்கும் முழு வசதி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும், இதய நோயோ பக்கவாத வாய்ப்போ உள்ள முதியவரை அங்கே அழைத்துப் போகமாட்டேன். பிள்ளைகள் பதின்வயதுக்கு வரும்போது இந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு.

70க்கு மேற்பட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இடைப்பட்ட ஊர்களை. 2 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வாழும் ஊரில் அநேகமாக ஒரு மருத்துவக் கல்லூரியோ பெரிய மருத்துவமனையோ இருக்கும், பேருந்து ஓடும், நடந்து போகும் தூரத்தில் கடை இருக்கும், அதே சமயம் மருந்துக் கடைக்காரருக்கு நம்மைத் தெரிந்திருக்கும். பெருநகரமா சிறுநகரமா என்று இரண்டாகவே பேசிப் பேசி இந்த மூன்றாவது வாய்ப்பைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கென்றால் இதைத்தான் எல்லா வயதுக்கும் முதலில் பரிசீலிப்பேன், தொழில் தொடங்கும் வயது நீங்கலாக.

எந்த முடிவாக இருந்தாலும் முதல் ஓராண்டு வாடகைக்கு இருங்கள், பெருநகரத்து வீட்டை விற்காதீர்கள். அங்கிருந்து சிறுநகரத்துக்குப் போவது எளிது, திரும்பி வருவது அப்படியில்லை. இடைப்பட்ட காலத்தில் பெருநகர வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கலாம். அந்த ஓராண்டில் எல்லாப் பருவங்களையும் பார்த்துவிடுவீர்கள், ஒரு முறையாவது அரசு அலுவலகம் ஏறுவீர்கள், யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், ஒரு திருவிழாவோ தேர்தலோ வரும், அப்போது ஊர் உங்களை எங்கே வைத்துப் பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் யாரோ, அவருக்கு அங்கே பேசிப் பழக நாலு பேர் அமைந்தார்களா என்று ஆண்டு முடிவில் கேளுங்கள். இல்லை என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அடுத்த ஊரைப் பாருங்கள்.